டிப்போ நேரம்

காலை ஒன்பதேகாலுக்கு டைம் ஆபீஸ் தொலைபேசி அடித்தது. டைம்கீப்பர் அதை உடனே எடுக்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பதினோரு வருஷத்தில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. வண்டி பழுது, டயர் பஞ்சர் என்று கூப்பிடுகிறவர்கள் ஆறாவது மணிக்குள் அலுத்துப்போய் வைத்துவிடுவார்கள். சாவுச் செய்தி சொல்கிறவர்கள் வைக்கவே மாட்டார்கள்.

ஏழாவது மணி அடித்தது. எட்டாவதும்.

"இந்த மாசம் நாலாவது," என்று மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"டிப்போங்களா? டைம்கீப்பர் அம்மா இருக்காங்களா?" ஒரு பெண் குரல்.

"நான்தான். சொல்லுங்க."

"எங்கப்பா அங்க டிரைவரா இருந்தவரு. ஒன்பதாம் நம்பர் ஓட்டினாரு. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. நேத்து சாயங்காலம் தவறிட்டாரு."

ஒன்பதாம் நம்பர், ஆறு வருஷம். வேறு யாராகவும் இருக்க முடியாது. அந்த ஆளின் உண்மைப் பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆனால் டிப்போவில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் 'மூணு நிமிஷம்'. முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"எத்தனை மணிக்கும்மா?" என்றாள் டைம்கீப்பர். குரலில் துக்கம் இருக்கிறதா என்று தானே கேட்டுப் பார்த்தாள். களைப்பு மட்டும்தான் இருந்தது.

"நாலரைக்கு. மயானத்துல அந்த நேரந்தான் குடுத்திருக்காங்க, தாண்டினா அடுத்த ஆளை எடுத்துடுவாங்களாம். ஷிப்ட் மாறும்போது மைக்ல சொல்வீங்கதானே? ஆளைப் பத்தி ஒரு வரியும் சொல்வீங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"எல்லாருக்கும் சொல்றதுதாம்மா. சொல்லிடறேன்."

"நான் வந்து நேர்ல கேக்கலாமா?"

"வீட்டுல அப்பாவ வெச்சிருக்கும்போது நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம்?"

"அண்ணன் இருக்கான், பாத்துக்குவான். நான் வரணும்," என்றாள் அந்தப் பெண். "அங்க அவர் எப்படி இருந்தாருன்னு எங்களுக்குத் தெரியாது. அவரு ஒண்ணு சொல்வாரு, வர்ற மெமோல வேற ஒண்ணு எழுதியிருக்கும். எதை நம்பறதுன்னு தெரியாமலே இருந்துட்டோம். அந்த ஒரு வரில மட்டும் டைம் ஆபீஸ்ல பொய் சொல்லமாட்டாங்கன்னு சொல்வாரு."

அந்த ஒரு வரியில் மட்டும்.

"வாம்மா," என்று சொல்லி வைத்தாள். ஜன்னலுக்கு மேலே, முற்றத்தைப் பார்த்தபடி தொங்கிய வட்டக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒன்பது இருபத்திரண்டு. உடனே பார்வையை இறக்கிக்கொண்டாள்.

டிப்போவில் யார் செத்தாலும், வேலையில் இருந்தவரோ ஓய்வுபெற்றவரோ, மதியம் இரண்டு மணி ஷிப்ட் மாற்றத்தில் அறிவிப்பார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே முற்றத்தில் நிற்கும் நேரம் அது ஒன்றுதான். யார், எந்த வண்டி, எத்தனை வருஷம், எத்தனை மணிக்கு, எங்கே. அதோடு ஆளைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரி புகழ்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. பொய்யாக மட்டும் இருக்கக்கூடாது.

இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. இவளுக்கு முன்பிருந்த டைம்கீப்பர் ஒரு தடவை, தள்ளாடித் தள்ளாடியே முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கைப் பற்றி, "வாழ்நாளில் குடியைத் தொடாத உத்தமர்" என்று மைக்கில் வாசித்துவிட்டார். முற்றம் முழுக்கச் சிரித்தது. படிக்கட்டில் நின்ற செத்தவரின் மனைவியும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, பிறகு அப்படிச் சிரித்ததற்காக அங்கேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அந்த வரியில் பொய் கிடையாது.

வரிகளையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். டைம்கீப்பர் அதைத் திறந்தாள். போன வாரத்து வரி: 'லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த சொந்த மைத்துனரை நடுவழியில் இறக்கிவிட்ட கண்டக்டர்.' அதற்கு முந்தையது: 'சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்வார், மனிதர்களின் முகம்தான் மறந்துபோகும்.' அதற்கும் முந்தையது: 'கேட்காமல் குடை எடுப்பார், எடுத்த குடையை மழையில் நிற்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார்.' எல்லாம் அவள் எழுதியதுதான். படிக்கப் படிக்க, எங்கேயோ தூர தேசத்தில் ஓடுகிற ஒரு பெரிய பஸ்ஸில் இவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருப்பதுபோலவும், பின்சீட்டில் இன்னும் இடம் இருப்பதுபோலவும் அவளுக்குத் தோன்றியது.

புதுப் பக்கத்தில் 'ஒன்பதாம் நம்பர்' என்று எழுதினாள். அதற்குக் கீழே பேனா நகரவில்லை. அவளுக்கு ஒரு வரி தெரியும். அது வேண்டாம். வேறு ஒன்று யாரிடமாவது கிடைக்காமலா போய்விடும் என்று நோட்டை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது.

பணிமனையில் போர்மேனின் செருப்பு மட்டும் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே தெரிந்தது.

"போர்மேன் அண்ணே, மூணு நிமிஷம் அண்ணன் போயிட்டாரு. ஒரு வரி வேணும்."

செருப்பு ஆடுவதை நிறுத்தியது. "எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

"நேரத்துக்குப் போனானா, லேட்டா போனானா?"

"அண்ணே."

"சரி, சரி. சும்மா கேட்டேன்." உள்ளேயிருந்து ஸ்பானர் தரையில் விழும் ஓசை வந்தது. "ஒரு வரிதானே? எழுதிக்கோ. பிரேக்கு பிடிக்கலைன்னு எழுதிக் குடுப்பான். பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குடான்னு அனுப்புவேன். மறுநாள் மறுபடி எழுதிக் குடுப்பான். நாலு தடவ. அஞ்சாவது தடவ கழட்டிப் பாத்தா, உள்ள ஒரு போல்ட்டு தளர்ந்து கெடக்கும். எனக்கு எப்படிக் கோவம் வரும் தெரியுமா?"

"அவர் சொன்னது சரியாத்தானே இருந்துது?"

"அதாம்மா கோவமே."

அவள் எழுதிக்கொள்ளவில்லை.

கேன்டீனில் பழைய கண்டக்டர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நம்பரில் ஏழு வருஷம் மூணு நிமிஷத்துடன் ஓடியவர். செய்தியைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்து ஊதினார்.

"என் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போகவேண்டிய நாளு. அண்ணே, கடைசி ட்ரிப்ப ஒரு பத்து நிமிஷம் முன்னாடி அடிச்சிடலாம், யாருக்குத் தெரியப்போவுதுன்னு கெஞ்சினேன். 'ஸ்டாப்புல நிக்கறவனுக்குத் தெரியும்'னுட்டாரு. நான் போய்ச் சேரும்போது பொண்ணு வீட்டுல தட்டெல்லாம் கழுவிக் கவுத்திட்டாங்க. சம்பந்தம் போச்சு."

"அதையே எழுதட்டுமா?"

"எழுது. என் பையனும் கேக்கட்டும். இப்ப கட்டியிருக்கறவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறானே, யாரால வந்ததுன்னு தெரிஞ்சுக்கட்டும்." சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். "எங்கிட்ட எதுக்குக்கா கேக்கற? அஞ்சு வருஷம் தினம் அவரைப் பத்தி எழுதினவ நீதானே. நாலு ரிஜிஸ்டர் நெறைய இருக்குமே."

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் நோட்டை மூடிக்கொண்டு நகர்ந்தாள்.

கடைசியில் வண்டி கழுவுகிறவர்தான் கைகொடுத்தார். குழாயைத் திருகி நிறுத்திவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "முன் கண்ணாடிய மட்டும் என்னைத் தொடவே விடமாட்டாரும்மா. பழைய பேப்பர நனைச்சு அவரேதான் துடைப்பாரு. மூலையிலகூட ஒரு புள்ளி இருக்காது."

இது போதும். உண்மை, யாரையும் நோகடிக்காது, மகள் கேட்டால் கண் கலங்குவாள். 'முன் கண்ணாடியைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர். தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு யாரு?"

"உங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு. சாப்டியான்னு கேக்கக் கூடாதா?"

"சாப்டியா? இன்னைக்கு யாரு?"

"மூணு நிமிஷம் அண்ணன்."

தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. "வாட்ச கழட்டி உன் மேசைல வெச்சாரே, அந்த மனுஷனா?"

"உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

"நல்லாக் கேட்ட போ. சோறு போடும்போது சொன்ன, பாத்திரம் கழுவும்போது சொன்ன, துணி மடிக்கும்போது திரும்ப மொதல்லேருந்து சொன்ன. என்ன வரி எழுதியிருக்க?"

"கண்ணாடிய அவரே துடைச்சுக்குவாருன்னு."

மறுபக்கத்தில் கத்தரிக்கோல் ஒரு தடவை நறுக்கென்றது.

"நல்லாருக்கு," என்றார் அவர். "பளபளன்னு இருக்கு."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லடி. நம்ம கடைக் கடிகாரமும் டிப்போ நேரந்தானே, நீதானே திருப்பி வெச்ச. இத்தனை வருஷமா கடைக்கு வர்றவன் பூரா லேட்டா வர்றான்னு நானும் திட்டிக்கிட்டுதான் இருக்கேன். பழகிப்போச்சு. அதத்தான் சொல்றேன். பழகிப்போச்சு." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "மொதல்ல சாப்பிடு."

அவள் டப்பாவைத் திறந்தாள், மூடினாள்.

ஜன்னலுக்கு மேலிருந்த வட்டக் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னால் ஓடும். ரொம்ப வருஷத்துக்கு முன்பு ஏதோ ஒரு மேனேஜர், வண்டிகள் சுறுசுறுப்பாகக் கிளம்பட்டும் என்று அப்படித் திருப்பி வைக்கச் சொன்னாராம். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த மேனேஜர் போய், அடுத்தவர் வந்து, அவரும் போய்விட்டார். கடிகாரம் மட்டும் அந்த உத்தரவைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. டிரைவர்கள் எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு கைபேசி வந்தது. கைபேசியில் ஒன்று, சுவரில் ஒன்று. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒன்று ஊர் நேரம், இன்னொன்று டிப்போ நேரம், அவ்வளவுதான்.

மூணு நிமிஷம் மட்டும் ஊர் நேரத்துக்கு வண்டி எடுத்தார். டிப்போ கடிகாரத்தில் பத்து மணிக்கு விசில் ஊதினால், இன்ஜினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து மூன்றுக்கு நகர்த்துவார். அவள் பதிவேட்டில் எழுதுவாள்: 'மூன்று நிமிடம் தாமதம்.' ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப், எட்டுத் தடவை. மாதத்தில் பத்துத் தாமதம் சேர்ந்தாலே மெமோ போகும். மெமோ சேரச் சேர இன்ஸ்பெக்டர் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவர்களிடம் போனது. கடைசி ஒரு வருஷம் ஒன்பதாம் நம்பரையே பிடுங்கிக்கொண்டு, லீவு போட்டவர்களின் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். அவர் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். எரிந்து விழுகிற ஆளின் பேச்சை யார் கேட்பார்கள்?

ஒரு நாள் சாயங்காலம் இந்த ஜன்னலுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. அன்றைக்கு மட்டும் மிகவும் மெதுவாகப் பேசினார்.

"டைம்கீப்பரம்மா, இதையும் பாருங்க, அதையும் பாருங்க. எது சரின்னு ஒரே ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லுங்க. நாளைலேருந்து உங்க கடிகாரத்துக்கே வண்டி எடுக்கறேன். எழுதவெல்லாம் வேண்டாம். சொன்னாப் போதும்."

"எனக்கு என்னண்ணே தெரியும்," என்றாள் அவள். "எனக்கு மேல இருக்கறதுதான் நேரம்."

"கேட்டுக்கு வெளிய நிக்கறவன் கையிலயும் உங்க கடிகாரமா இருக்கு?"

அவள் ரிஜிஸ்டரில் குனிந்துகொண்டாள். அவர் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார்.

தெரியாது என்று சொன்னது பொய். வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றுவது அவள்தான். ஒவ்வொரு தடவையும் கைபேசியில் மணி பார்ப்பாள், அதோடு மூன்றைக் கூட்டுவாள், முள்ளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள். இருபத்திரண்டு தடவை. முதல் தடவை கை தயங்கியது. ஒருநாள் திருத்தினால் நேற்றுவரை எழுதியதெல்லாம் என்ன ஆகும் என்று நினைத்தாள். அடுத்த தடவை எழுதியது இன்னும் அதிகமாகியிருந்தது.

கேட்டுக்கு வெளியே தினமும் யாராவது வண்டிக்குப் பின்னால் ஓடுவது ஜன்னலிலிருந்து தெரியும். சோம்பேறிகள், அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பினால் என்ன என்று நினைப்பாள்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு மகள் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வாரிய தலை பாதியில் கலைந்திருந்தது. அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தன் கையில் கட்டியிருந்தாள். பட்டை பெரிதாக இருந்ததால் அது வழுக்கி முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. ஜன்னலோரம் வந்து நின்று, "நான்தான் போன் பண்ணினேன்," என்றாள்.

"உள்ள வந்து உக்காரும்மா."

"இல்ல, இங்கயே நிக்கறேன். இங்கதான் நல்லாக் கேக்கும்."

முற்றத்தில் காலை ஷிப்ட் இறங்கிக்கொண்டிருந்தது, மதிய ஷிப்ட் ஏறக் காத்திருந்தது. சிலர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டும் சிலர் போட்டுக்கொண்டும் நின்றார்கள். டைம்கீப்பர் மைக்கை அழுத்தினாள். ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்தது. பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது. இந்த நேரத்துக் கரகரப்பு எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு துயரச் செய்தி. நமது டிப்போவில் இருபத்தாறு வருடம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒன்பதாம் நம்பர் டிரைவர் நேற்று மாலை காலமானார். முன் கண்ணாடியைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டவர். இறுதிச் சடங்கு இன்று மாலை நாலரை மணிக்கு மயானத்தில் நடைபெறும்."

பொத்தானை விட்டாள். முடிந்தது. மகள் முகத்தைப் பார்த்தாள். மகள் இன்னும் எதற்கோ காத்திருப்பவள்போல ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கவில்லை.

அப்போதுதான் முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், செத்தவரைப் பார்த்தே இராதவன்.

"எந்த நாலரைக்கா? டிப்போ நாலரையா, ஊர் நாலரையா?"

கல்யாணமோ, யூனியன் கூட்டமோ, எந்த அறிவிப்பு வந்தாலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான் அது. பழக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜன்னலோரம் நின்ற பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அங்கங்கே நின்றது. பழைய கண்டக்டர் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் டயருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "எந்த நாலரைன்னா? அவர் என்ன கேக்கறாரு?"

"ஒண்ணுமில்லம்மா. இங்க கடிகாரம் கொஞ்சம் முன்னாடி ஓடும்."

"எவ்ளோ முன்னாடி?"

டைம்கீப்பருக்கு அந்த வார்த்தையை உடனே சொல்ல வரவில்லை. அது ஒரு மனிதரின் பெயராகவே ஆகிப்போயிருந்தது.

"மூணு நிமிஷம்."

மகள் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தாள். முழங்கையிலிருந்த வாட்சைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மூன்றையும் இன்னொரு தடவை பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தால், ஒருமாதிரி அசடு வழிந்தாள், பரீட்சையில் சுலபமான கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்ட பிள்ளைபோல.

"வீட்டுல தினம் சொல்வாரும்மா. தட்டுக்குப் பக்கத்துல இந்த வாட்ச கழட்டி வெச்சுக்கிட்டு, 'நான் லேட் இல்ல, நான் லேட் இல்ல'ன்னு. எங்களுக்கு எரிச்சலா வரும். ஒரு நாள் நான்தான் கேட்டேன், 'ஏம்ப்பா, ஊர்ல இருக்கற எல்லாரும் தப்பு, நீங்க ஒருத்தர் மட்டும் சரியா?'ன்னு. அதோட நிறுத்திட்டாரு. அப்பறம் அதைப் பத்திப் பேசவே இல்ல." கைபேசியைப் பைக்குள் போட்டாள். "எத்தனை வருஷமா இப்படி இருக்கு இது?"

"நான் வர்றதுக்கு முன்னாலேருந்து."

"உங்களுக்குத் தெரியுமா?"

நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. அடிக்கோடு போட்ட வரி பளபளவென்று இருந்தது. டைம்கீப்பர் அதைப் பார்த்தாள். பொய் என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. முப்பது வருஷம் குடித்தவரை உத்தமர் என்று சொன்ன பழைய டைம்கீப்பர் தன்னைவிடக் கொஞ்சம் நேர்மையானவரோ என்று தோன்றியது. அவர் பொய்யை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சொன்னார்.

அவள் மைக்கை அழுத்தினாள். ஆட்கள் கலையத் தொடங்கியிருந்தார்கள். கரகரப்பு கேட்டதும் போட்டது போட்டபடி நின்றார்கள்.

"ஒரு திருத்தம்," என்றாள். வண்டி நிற்கும் இடம் மாறினால் தினமும் சொல்கிற வார்த்தைதான். அதைச் சொன்னதும் மிச்சமும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. "ஒன்பதாம் நம்பர் டிரைவர் பற்றிய அறிவிப்பில் ஒரு திருத்தம். நான் பாத்த அஞ்சு வருஷமும் அவரு சரியான நேரத்துக்கு வண்டி எடுத்தாரு. கடிகாரந்தான் தப்பு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் லேட்டுன்னு எழுதினேன்."

"அதுக்கு முன்னாடியும் சரியாத்தான் எடுத்தாரு!" என்று பழைய கண்டக்டர் முற்றத்திலிருந்து கத்தினார். குரல் கிழிந்தது. "எழுதிக்கக்கா! நான் ஏழு வருஷம் கூடப் போனவன்!"

"எழுதிக்கறேன்," என்றாள் அவள் மைக்கிலேயே. "இறுதிச் சடங்கு நாலரை மணிக்கு. ஊர் நாலரை."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. பணிமனை வாசலில் போர்மேன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும் அவரவர் வண்டியைப் பார்த்து நடந்தார்கள்.

மகள் இன்னும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "இதை அவர் இருக்கும்போது..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டைம்கீப்பருக்கு.

"ஆமாம்மா," என்றாள். "ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லுங்கன்னு கேட்டாரு. இதே ஜன்னல்ல நின்னு."

மகள் தலையை ஆட்டினாள். மன்னித்த தலையாட்டல் இல்லை, கேட்டுக்கொண்ட தலையாட்டல். "நானும்தான் கேட்டேன், எல்லாரும் தப்பா நீங்க மட்டும் சரியான்னு," என்றாள். வாட்சை மறுபடி முழங்கைக்கு ஏற்றிவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள்.

இரண்டு ஐந்து வண்டிக்கு நேரமாகிவிட்டது. டிரைவர் இருக்கையிலிருந்து எட்டிப்பார்த்து, விசிலுக்காகக் காத்திருந்தார். டைம்கீப்பர் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்தாள். கடிகாரத்துக்குக் கீழே போட்டு ஒரு காலை வைத்தபோது முழங்கால் மறுபடி மளுக்கென்றது.

"இறங்கும்மா, நான் திருப்பறேன்," என்று போர்மேன் உள்ளே வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"வேண்டாம்ணே. நான்தான் கூட்டி வெச்சேன். ஸ்டூல மட்டும் பிடிச்சுக்குங்க."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கைபேசியைப் பார்த்தாள். இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை. முள்ளைப் பின்னால் தள்ளினாள். இத்தனை வருஷத்து விஷயம் விரலால் ஒரு தள்ளு. கடிகாரத்தின்மேல் படிந்திருந்த தூசி அவள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

இறங்கி விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னக்கா, தூங்கிட்டியா?" என்று டிரைவர் கத்தினார்.

"இன்னும் நேரம் ஆகல. உக்காரு."

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வண்டி நிற்பதைப் பார்த்தாள். நம்பமுடியாமல் ஓட்டத்தைக் குறைத்தாள். பிறகு நடந்தே வந்து ஏறினாள்.

விசில் ஊதினாள். வண்டி கிளம்பியது. பதிவேட்டில் நேரத்தை எழுதி, குறிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள். பழைய பதிவேடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று யோசிக்கக்கூட இப்போது தெம்பில்லை. நாலு மணிக்கு அனுமதி கேட்டுக் கிளம்பவேண்டும். யாரிடம் கேட்பது என்று நினைக்கும்போதே மேசைத் தொலைபேசி அடித்தது. அதில் மேனேஜர் அறைக்கான சின்ன விளக்கு எரிந்தது. விஷயம் மாடிக்கு ஏறிவிட்டது.

அவள் நாற்காலியில் சாய்ந்து மணியை எண்ணினாள். நாலு, அஞ்சு, ஆறு. ஆறைத் தாண்டியும் அது நிற்கவில்லை.

டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றில் கையை வைத்தாள். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். நேரம் இருக்கிறது.